இடது காதில் கதை ஓடிய நாள்

புத்தகம் படிக்கும்போது கவனம் தப்பினால் உடனே தெரிந்துவிடும். கண் ஒரே வரியில் மூன்று தடவை சுற்றும், பக்கம் திரும்பாது, கை சும்மா கிடக்கும். காதால் கேட்கும்போது தப்பினால் தெரியாது. கதை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நாமும் கேட்டுக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். நாற்பத்து மூன்று வயதில் இதைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட விதம்தான் சரியில்லை. என் கவனம் தப்பியதற்கு இன்னொரு பெண்ணின் வேலை போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வல்லம் வடகாலில் வண்டிகளுக்குப் பாகம் செய்து தரும் ஒரு கம்பெனியில் எனக்குப் பதினோரு வருஷமாக வேலை. பிரஸ்ஸில் அடித்து வரும் இரும்புத் தகடுகளைச் சோதித்து அனுப்பும் மேஜையில் நிற்கிறேன். ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும், துளை சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று கேஜ் என்கிற அளவுச் சட்டத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். சரியானது பெட்டிக்கு, கோணலானது குப்பைக்கு, சந்தேகமானது தனியாக. இந்த வேலையில் எனக்கு நல்ல பேர். இந்தம்மா கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று எங்கள் சூப்பர்வைசரே சொல்வார். கண்ணைப் பற்றி அவர் சொன்னது சரிதான். காதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

நான் படிக்கிறவள். இதைக் கொஞ்சம் திமிராகத்தான் சொல்லுவேன். வீடு வாலாஜாபாத்தில். அங்கே உள்ள நூலகத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உறுப்பினர். வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுத்துவந்து, கம்பெனி பஸ்ஸில் போகும்போது பாதி, வரும்போது பாதி என்று முடித்துவிடுவேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்க, நான் மட்டும் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பது உள்ளூர எனக்குப் பிடித்திருந்தது. டீச்சரம்மா என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார்கள். கிண்டல் என்று தெரிந்தும் குளிர்ந்துபோவேன்.

நாற்பது தாண்டியதும் வெள்ளெழுத்து வந்தது. கண்ணாடி வீட்டில் சரிப்பட்டது, பஸ்ஸில் சரிப்படவில்லை. ஒரகடம் நெருங்க நெருங்க, லாரிகள் உழுதுபோட்ட சாலையில் பஸ் குலுங்கும்போது எழுத்தெல்லாம் வரியை விட்டு எழுந்து ஆடும். விடாப்பிடியாகப் படித்தேன். ஒருநாள் தலை சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். பஸ்ஸே சிரித்தது. அத்தோடு பஸ்ஸில் படிப்பது நின்றது. வேலை, சமையல், தூக்கம் என்று மூன்று மாதம் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கழிந்தது. அந்த மூன்று மாதமும் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் என் போனை வாங்கி, கதை கேட்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

அவள் எதிர் ஷிப்டில் அதே மேஜையில் நிற்கிறவள். வயது இருபத்து மூன்று. தென்காசிப் பக்கத்துக்காரி, ஒரகடத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். மூன்று வருஷப் பயிற்சியில் சேர்ந்தவள், பயிற்சி முடிய நாலு மாதம்தான் பாக்கி. அதற்குப் பிறகு நிரந்தரம் என்று அவளுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். ஆர்டர் கைக்கு வந்ததும் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை அழைத்துவந்து இங்கேயே ஒரு வீடு பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனையே கிடையாது. எந்தப் பேச்சு எடுத்தாலும் அங்கேதான் வந்து முடிப்பாள்.

எதிரெதிர் ஷிப்டு என்பதால் நாங்கள் சந்திப்பது ஷிப்டு மாறும் அந்த ஐந்து நிமிஷம்தான். ஒருத்தி கையுறை கழற்ற, ஒருத்தி மாட்ட, நடுவில் பேச்சு. எங்கள் சிநேகம் முழுக்க இப்படி ஐந்து ஐந்து நிமிஷமாகச் சேர்ந்ததுதான். எழுத்து என்றாலே அவளுக்குத் தலைவலி, பள்ளிக்கூடத்தில் பட்ட பாட்டைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் காதால் கேட்டதை அப்படியே வைத்திருப்பாள். துணி துவைக்கும்போது, தலை வாரும்போது, ஹாஸ்டல் வரிசையில் தட்டோடு நிற்கும்போது எல்லாம் கதை கேட்பாளாம். கேட்டதை மறுநாள் எனக்குச் சொல்லுவாள். யார் என்ன பேசினார்கள், அப்போது மழை பெய்ததா இல்லையா என்பதுவரை சொல்லுவாள். எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. படிக்கிறவள் நான் அல்லவா.

எப்படி இவ்வளவு நினைவிருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். அவள் ரகசியம் மாதிரி சொன்னாள்.

"கேட்ட கையோட யார்ட்டயாவது சொல்லிரணும்க்கா. சொன்னாத்தான் நிக்கும். இல்லன்னா காத்தோட போயிரும்."

நான் கேட்க ஆரம்பித்தேன். அவள் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்த ஒரு நாவல், உப்பளத்தில் வேலை செய்யும் அண்ணன் தங்கை கதை, பதினெட்டு மணி நேரம் ஓடும். முதல் நாள் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு காதில் மாட்டினேன். நல்ல குரல்தான். இருந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் என் மனசு வீட்டில் ஊறவைத்த பருப்புக்குப் போய்விட்டது. திரும்பி வந்தபோது அண்ணனுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. யாரோடு என்று தெரியவில்லை.

முப்பது விநாடி பின்னால் போக ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே தப்பினோம் என்று தெரிந்தால்தானே எவ்வளவு பின்னால் போவது என்று தெரியும். புத்தகத்தில் அந்தக் கவலை இல்லை. நான் நின்றால் புத்தகமும் நிற்கும். ஜன்னல் வழியாக ஒரு சண்டையை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாலும் விரல் வைத்த இடத்திலேயே எனக்காக இருக்கும். இந்தக் குரல் எங்கள் கம்பெனி பஸ் மாதிரி. ஏறினவர் ஏறினார், விட்டவர் விட்டார்.

கண்ணை மூடினால் தூக்கம் வந்தது, திறந்தால் வேடிக்கை வந்தது. கைக்கு ஏதாவது வேலை இருந்தால் கவனம் கொஞ்சம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்டபோது ஒரு அத்தியாயம் முழுசாக மனசில் ஏறியது. அதைப் பிடித்துக்கொண்டேன். கை ஒரே மாதிரி ஓடும் வேலை இருந்தால் காது கேட்கும் என்று கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன். என் கை நாளெல்லாம் ஒரே மாதிரி ஓடும் இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் அவள் ஷிப்டு மாறும்போதெல்லாம் ஆர்வமாகக் கேட்பாள், கதை எங்கே வந்து நிற்கிறது என்று. ஆரம்பத்தில் உள்ளதைச் சொன்னேன். பிறகு பொய் சொன்னேன். பாதி கேட்டதை வைத்து மீதியைக் குத்துமதிப்பாகச் சொல்லுவேன். அவள் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வந்து போகும், மரியாதைக்கு ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தக் குழப்பத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுத்தென்றால் தலைவலி என்கிற பெண்ணுக்கு முன்னால் நான் பாடம் ஒப்பிக்கத் தெரியாதவளாக நிற்பதா? எப்படியாவது அவளை எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது.

பிரஸ் ஓடும் இடத்தில் காதுக்குப் பஞ்சு மாதிரி ஒரு அடைப்பான் கட்டாயம். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், இரண்டு காதிலும் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மேல் காதையும் மூடும் தொப்பி. போனைக் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுவார்கள், லைனில் வெளியே எடுத்தால்தான் தப்பு. நான் வலது காதில் அடைப்பானை வைத்தேன், இடது காதில் அதற்குப் பதில் இயர்பட்டை வைத்தேன். தொப்பியை இழுத்துவிட்டால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. பிடிபட்டால் வேலை போகும் என்று தெரிந்தேதான் செய்தேன். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றதும் இது தப்பு என்ற எண்ணமே எனக்கு மறந்துபோனது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மேஜையில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. ஷிப்டு முடித்துப் போகிறவர் அதில் சரக்கின் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆனால் வேலை முடிந்து இருபது நிமிஷத்தில் பஸ் கிளம்பிவிடும். அதற்குள் கை கழுவி, உடை மாற்றி, சோதனை வரிசையில் நின்று, வாசலுக்கு ஓட வேண்டும். விட்டால் வேறு வண்டி கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். போகிறவள் காலி வரியில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிட்டு ஓடுவாள். வந்தவள் கேட்டதை அந்த வரியில் எழுதுவாள். எல்லா மேஜையிலும் இப்படித்தான். சூப்பர்வைசருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். பிரஸ் சத்தத்தில் யாரும் கேட்டதா என்று இரண்டாம் தடவை கத்த மாட்டார்கள். எதிரில் இருப்பவள் தலையை ஆட்டினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு எனக்கு மதிய ஷிப்டு. பஸ்ஸில் கதை ஒரு முக்கியமான இடத்துக்கு வந்திருந்தது. பல வருஷம் கழித்து ஊர் திரும்பும் அண்ணன், தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. ஒரகடத்தில் ஒரு லாரிக்காரன் குறுக்கே வர, எங்கள் டிரைவர் இறங்கிச் சண்டை போட, நான் வேடிக்கை பார்த்தேன். மறுபடி காது கொடுத்தபோது அண்ணன் உள்ளே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கதவை யார் திறந்தது? எனக்குப் பொறுக்கவில்லை. உடை மாற்றும் அறையிலேயே பின்னால் தள்ளி ஓடவிட்டு, போனைப் பைக்குள் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜைக்குப் போனேன்.

அவள் பேசினாள். வலது காது அடைப்பானை எடுத்துவிட்டுத்தான் நின்றேன். தலையை ஆட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். நான் அவள் கையெழுத்துக்கு மேலே 'எல்லாம் சரி' என்று எழுதினேன். வழக்கமாக எழுதுகிற வார்த்தை அதுதான். ஓரத்தில் இருந்த பெட்டியை மற்றப் பெட்டிகளோடு சேர்த்து அனுப்பும் இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

மூன்றாம் நாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஒரு பெட்டித் தகட்டில் துளை இடம் மாறியிருந்ததாம், அங்கே அவர்கள் லைன் நின்றுபோனதாம். பெட்டி எண்ணை வைத்துத் தேடினார்கள். எங்கள் மேஜை. காலை ஷிப்டு சரக்கு.

விசாரணைக்கு எங்கள் இரண்டு பேரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். சூப்பர்வைசரும் குவாலிட்டி மேனேஜரும் இருந்தார்கள். ரிஜிஸ்டர் பக்கத்தின் ஜெராக்ஸ் மேஜை மேல் கிடந்தது. 'எல்லாம் சரி', கீழே அவள் கையெழுத்து.

அவள் நிதானமாகச் சொன்னாள். துளை சரியில்லை என்று தெரிந்ததும் அந்தப் பெட்டியை ஓரத்தில் ஒதுக்கினாளாம். அனுப்பாமல் நிறுத்திவைக்க வேண்டிய சரக்கில் தொங்கவிடும் ஹோல்டு அட்டை தீர்ந்துபோனதால், ஹோல்டு சரக்கைப் பற்றி எழுத மட்டும் வைத்திருக்கும் சிவப்புப் பேனாவை மூடி மேல் அடையாளமாக வைத்தாளாம். தள்ளிக்கொண்டு போக டிராலி கிடைக்காததால், பெட்டியை ஹோல்டு ரேக்கில் வைத்துவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். பேனா உங்கள் சோதனை மேஜை மேல்தானே கிடந்தது என்றார் சூப்பர்வைசர். என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, இந்தப் பொண்ணு உங்கைல சொல்லிச்சா, இல்லியா? பதினோரு வருஷ சர்வீஸ் உன்து. நீ சொல்றதுதான்."

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அந்த மதியத்தைத் தேடிப் பார்த்தபோது பூட்டிய கதவும் கஞ்சிக் கிண்ணமும்தான் கிடைத்தன. அவள் முகம்கூட இல்லை. எனக்கு நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் நினைவில்லை என்ற கேள்வி வரும். அது தொப்பிக்குள் வந்து நிற்கும்.

"சொல்லல சார். அது சொன்னத்தான் எழுதனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் பார்வையில் இருந்தது அந்தப் பழைய சின்னக் குழப்பம்தான், நான் கதையைத் தப்பாகச் சொல்லும்போது வருவது. மேனேஜர் மறுபடி அவளைக் கேட்டார். முதல் தடவை 'சொன்னேன் சார்' என்றவள், இந்தத் தடவை 'சொன்னேன்னு நெனக்கேன் சார்' என்றாள். மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் பயிற்சியை முடித்துவைத்து அனுப்பிவிட்டார்கள். அடையாள அட்டையையும் தொப்பியையும் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டதாக ஹாஸ்டலில் இருக்கும் வேறொரு பெண் சொன்னாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஏன் சொல்ல வேண்டும்.

கதை கேட்பதை விட்டுவிட்டேன். மறுபடி புத்தகம் எடுத்தேன், வீட்டில், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆடாத நாற்காலியில். அதுவும் ஓடவில்லை. எழுத்து தெளிவாகத் தெரிந்தது, ஆனால் கண் ஒரே வரியில் சுற்றிக்கொண்டு நின்றது. குற்றம் காதில் இல்லை, கண்ணிலும் இல்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. மேஜையில் அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சொல்லவேண்டியதைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள், யாரோ அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, காரணமே இல்லாமல், பஸ்ஸில் அந்த நாவலை மறுபடி ஓடவிட்டேன். அன்றைக்குப் பின்னால் தள்ளிக் கேட்டும் கதவை யார் திறந்தது என்பது என் மனசில் நிற்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் வாசலில் நிற்கும் இடத்துக்குத் தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓட்டுக்கூரையின் எரவாணத்திலிருந்து சாவியை எடுத்துவருகிறாள். அந்த வாக்கியத்தைக் குரல் சொல்லி முடிக்கவும், எனக்குப் பஸ்ஸில் பிரஸ் எண்ணெயின் வாடை அடித்தது.

கதையோடு சேர்ந்து இடமும் காதுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பாட்டைக் கேட்டதும் அதை முதலில் கேட்ட கல்யாண வீடு ஞாபகம் வருமே, அப்படி. அவள் முகம் வந்தது. பெட்டி மூடி மேல் அவள் கை வந்தது. வலது காதில் அவள் குரல் தனியாக வந்தது.

"அக்கா, இந்த ஓரத்துப் பெட்டி ஹோல்டு. அட்டை இல்ல, செவப்புப் பேனாவ மேல வச்சிருக்கேன். நீங்க ரேக்குல தள்ளிருங்க, எழுதிருங்க."

நான் தலையாட்டுகிறேன். பூம்பூம் மாடு மாதிரி, ரொம்பத் தெளிவாக. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது என்பார்கள். எனக்கு மறு காதில் பக்கத்து வீட்டுக்காரி சாவியோடு நின்றிருந்தாள்.

இது ஞாபகமா, குற்ற உணர்ச்சி தயாரித்த கற்பனையா என்று எனக்கே சந்தேகம். அன்றைக்கு ஷிப்டில் நுழைந்ததும் முதல் வேலையாக ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டினேன். விசாரணையில் நான் பார்த்தது ஜெராக்ஸ். ஜெராக்ஸில் எல்லா எழுத்தும் கறுப்பு. அசல் பக்கத்தில் மேலும் கீழும் இருக்கிற வரிகள் எல்லாம் நீல மையில் இருந்தன. அந்த ஒரு வரி, என் கையெழுத்தில் 'எல்லாம் சரி', சிவப்பு மையில் இருந்தது. மூடி மேல் அவள் வைத்துவிட்டுப் போன பேனாவை எடுத்து, அதாலேயே எழுதிவிட்டு, மேஜையில் போட்டிருக்கிறேன்.

நாலு தடவை படித்தேன். எழுத்து நிற்கும், ஓடாது, காத்திருக்கும் என்று பெருமை பேசினவள் நான். இதுவும் காத்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இயர்பட் உட்பட. அவர் முழுசாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு போனது போய்டுச்சு. நீ இப்ப இத்த சொன்னா உன் வேலையும் பூடும். இன்னாத்துக்கு நீயா போயி தலைய குடுக்கிற?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது என் மனசில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான். ஒன்பது நாள் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவளுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும், சின்ன வயசு, மறந்திருப்பாள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டதை யாரிடமாவது சொன்னால்தான் நிற்கும் என்று அவள் சொன்னது எனக்கு வேறு விதத்தில் பலித்தது. சொல்லாமல் இருந்தது எனக்குள் நின்றுகொண்டே இருந்தது.

பத்தாம் நாள் மதியம், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் அவளுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்து, நல்லா இருக்கீங்களாக்கா என்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு என் இடது காதில் என்ன இருந்தது என்பதில் ஆரம்பித்து, சிவப்பு மை வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று கேட்குதாம்மா என்றேன். கேக்கேன்க்கா என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் சொன்னேனாக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கேட்டது வேலையைப் பற்றி இல்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று அவள் நம்பியிருக்கிறாள். அக்கா சொல்லவில்லை என்றால் சொல்லியிருக்க மாட்டேன் போல, பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் சொன்னதாக நினைத்துக்கொண்டேனோ என்று இரண்டு மாதமாகத் தன்னையே குடைந்துகொண்டிருந்திருக்கிறாள். இப்போதெல்லாம் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறாளாம். கதை கேட்பதையும் விட்டுவிட்டாளாம், கேட்டது சரியா என்று நம்பிக்கை வரவில்லையாம். எந்தக் காதை நினைத்து நான் பொறாமைப்பட்டேனோ அதை அவளே நம்பாதபடி செய்துவிட்டிருக்கிறேன்.

சொன்னாய் என்றேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாய், நான்தான் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன் என்றேன்.

"இன்னொருக்க சொல்லுங்கக்கா."

சொன்னேன். அவள் அழுதாளா என்று தெரியாது, மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் இன்னும் எனக்குள் இருக்கிறது.

"எழுதித் தருவீங்களா? அம்மைட்ட காட்டணும். வாயால சொன்னா இப்ப எங்க வீட்ல யாரும் நம்ப மாட்டாங்கக்கா. நானுமே நம்ப மாட்டேன்."

எழுத்தென்றால் தலைவலி என்றவள் எழுத்தைக் கேட்டாள்.

அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு பிரதி எழுதினேன். இடது காது, தலையாட்டியது, சிவப்புப் பேனா, விசாரணையில் நான் சொன்ன பொய், எதையும் விடவில்லை. என்ன எழுதுகிறேன் என்று என் கணவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். ஒரு பிரதியை ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்தோடு சேர்த்து மேனேஜர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, மேலே அனுப்புகிறேன், அதுவரை வேலையைப் பாருங்கள் என்றார். இன்றுவரை பதில் இல்லை. அவளை எடுப்பார்களா, என்னை அனுப்புவார்களா, இரண்டும் தெரியாது. தினமும் வாசலில் அட்டையைத் தேய்க்கும்போது கதவு திறக்குமா என்று ஒரு நொடி நின்று பார்க்கிறேன்.

இன்னொரு பிரதியைத் தென்காசிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உறையில் போடும் முன் ஒரு வரி விடாமல் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். கடைசி வரிக்கு நெருக்கிப் பிடித்தே என் கையெழுத்தைப் போட்டிருந்தேன், நடுவில் யாரும் எதுவும் எழுத இடம் விடாமல்.